குடை வாங்காத பெண்

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். என்னை யாரும் நிறுத்தவில்லை. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் நம்புவதில்லை. வறுமையா, கல்யாணமா, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவா என்று வரிசையாகக் கேட்பார்கள். அது எதுவும் இல்லை. இரண்டாவது பீரியட் நடக்கும்போது எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும். ஞாபகம் என்றால் பாசம் இல்லை, பயம். அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்திருப்பார். அடுப்பிலிருந்து கூரைக்குத் தீ ஏறியிருக்கும். ஆடு கயிற்றில் கழுத்து மாட்டிக் கிடக்கும். மூன்றையும் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒன்றுக்குப் போகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் முந்திரிக்காட்டுக்குள் புகுந்து வீட்டுக்கு ஓடுவேன். அங்கே அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருப்பார். “என்னடி?” என்பார். ஒன்றுமில்லை என்று திரும்பி ஓடி வருவேன்.

வாரத்துக்கு ஒரு தடவை ஓடியது, பிறகு தினமும் ஆயிற்று. அரைப் பரீட்சை லீவு முடிந்ததும் நான் போகவில்லை. அப்பா இரண்டு நாள் திட்டினார், மூன்றாம் நாள் கெஞ்சினார். போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றுவரை ஆகவில்லை. எழுபது வயதில் என்னைவிட வேகமாக நடக்கிறார்.

போன வருஷம் எனக்கு முப்பத்தொன்பது நடந்தது. ஆதனக்கோட்டைப் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர் அம்மா வேலையிலிருந்து ஓய்வு பெறப்போகிறார் என்று பேச்சு வந்தது. அந்த இடத்துக்குப் பத்தாவது பாஸ் செய்திருக்க வேண்டும், வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. எனக்கு அந்த வேலை மேல் ஆசை இருந்தது. சம்பளத்துக்காக மட்டும் இல்லை. பகல் முழுவதும் பள்ளிக்கூட கேட்டுக்கு உள்ளே இருக்கலாம். இரண்டாவது பீரியட் மணி அடிக்கும்போது வெளியே ஓடாமல் அங்கேயே நிற்கலாம். இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்கள்.

தனித்தேர்வராகப் பணம் கட்டி எழுதினேன். தமிழ், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் நான்கும் முதல் தடவையே வந்துவிட்டன. இங்கிலீஷ் மட்டும் வரவில்லை. முதல் தடவை இருபத்திரண்டு. இரண்டாம் தடவை இருபத்தேழு. முப்பத்தைந்து வேண்டும். மூன்றாவது தடவைதான் கடைசி. அதை விட்டால் வயது என்னைத் தாண்டிப் போய்விடும்.

எங்கே கோட்டை விடுகிறேன் என்று எனக்கே தெரியும். ஒரு கேள்வி இருக்கிறது. சில குறிப்பு மட்டும் கொடுத்து, அதை வைத்து ஒரு கதை எழுதச் சொல்வார்கள். எட்டு மார்க். இருபத்தேழோடு எட்டைக் கூட்டினால் முப்பத்தைந்து. இந்தக் கூட்டல் எனக்கு மனப்பாடம். இரண்டு தடவையும் அந்தப் பக்கத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தேன். கதைக்குள் ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவேன். உடனே அந்த ஆளுக்கு என்ன ஆகுமோ என்று பயம் வந்துவிடும். பிறகு பேனா நகராது. அந்த நேரத்தில் என் பரீட்சை நம்பரைச் சரியாக எழுதினேனா என்று முதல் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். மணி அடித்துவிடும்.

கொட்டகைக்கு அந்த ஆடியில் ஒரு பெண் புதிதாக வந்தாள். பி.ஏ. இங்கிலீஷ் முடித்துவிட்டு, பி.எட். சேர இடம் கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று உடைக்க வந்தவள். இருபத்திரண்டு வயது இருக்கும். எங்களில் மூத்தவர் என் அண்ணன் மனைவி. அத்தாச்சி என்றுதான் கொட்டகை முழுக்கவே கூப்பிடும். அத்தாச்சி அந்தப் பெண்ணுக்கு முதல் நாளே “காலேஜு” என்று பெயர் வைத்துவிட்டார்.

“ஏ காலேஜு, கட்டைய அப்படி ஓங்காத. பருப்புக்கு வலிக்கும்.”

“பருப்புக்கு வலிக்குமா அத்தாச்சி?”

“மொதலாளிக்கு வலிக்கும்டி.”

வறுத்த கொட்டை ஆறிப்போய்க் குவியலாகக் கிடக்கும். ஆளுக்கு ஒரு கல், ஆளுக்கு ஒரு கட்டை. விரலில் சாம்பலைப் பூசிக்கொள்வோம், கொட்டையில் கசிகிற எண்ணெய் பட்டால் தோல் உரிந்துபோகும். கொட்டையை விளிம்பில் நிறுத்தி ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் உள்ளே பருப்பு நொறுங்கும். பயந்து தட்டினால் ஓடு திறக்காது. பத்துப் பேர் உட்கார்ந்து தட்டும்போது ஒரு கட்டத்தில் எல்லாக் கட்டையும் ஒன்றாக விழும், பிறகு பிரியும், பிறகு ஒன்றாகும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்தச் சத்தத்தில் கண் திறந்திருக்கும்போதே தூங்குகிற மாதிரி இருக்கும். தகரக் கூரையில் ஆணி அடித்த ஓட்டைகள் வழியாக வெயில் கம்பி கம்பியாக இறங்கும். வறுக்கிற இடத்திலிருந்து வரும் புகை அந்தக் கம்பிகளுக்குள் நுழைந்து மெல்லச் சுற்றும். அதைப் பார்த்துக்கொண்டே கை தானாக வேலை செய்யும். அந்த நேரத்தில் மட்டும் எனக்குப் பயம் கொஞ்சம் விலகி நிற்கும்.

நான் இங்கிலீஷில் விழுந்த கதை தெரிந்ததும் காலேஜு தானாகவே ஆரம்பித்துவிட்டாள். எரிந்த கொட்டை ஓட்டை எடுத்துத் தகரச் சுவரில் எழுதினால் கரி நன்றாகப் பிடிக்கும். முதலில் நவுன். கண்ணில் படுகிற பொருளுக்கெல்லாம் பெயர் சொல்லச் சொன்னாள். கல், கட்டை, சாம்பல், முறம், புகை. பிறகு வெர்ப். தட்டு, பொறுக்கு, ஊது, உட்கார். அட்ஜெக்டிவ் வந்தபோது கொட்டகையே கலகலத்தது. பருப்பு எப்படிப்பட்ட பருப்பு, முதலாளி எப்படிப்பட்ட முதலாளி என்று ஆளாளுக்குச் சொல்ல, அதில் பாதியைச் சுவரில் எழுத முடியவில்லை. இறந்த காலத்துக்கு வெர்புக்குப் பின்னால் ‘இ.டி.’ என்று ஒரு சின்ன வாலை ஒட்டினால் போதும் என்றாள் அவள். எனக்கு அது வினோதமாக இருந்தது. இரண்டே எழுத்தை ஒட்டினால் ஒரு காரியம் முடிந்துபோகுமா? நடக்கப்போகிறதோ என்று நான் நடுங்குவதெல்லாம், அந்த வாலை ஒட்டியதும் நடந்து முடிந்த பழைய சங்கதி ஆகிவிடுமா? அன்று பூராவும் தட்டுகிற ஒவ்வொரு கொட்டைக்கும் மனசுக்குள் அந்த வாலை ஒட்டிக்கொண்டே இருந்தேன்.

இலக்கணம் ஓரளவு வந்தது. கதை எழுதும் பாடத்துக்கு வந்தபோதுதான் சிக்கல்.

ஒருநாள் மத்தியானம் காலேஜு சுவரில் ஆறு வார்த்தை எழுதினாள். ஒரு பெண். பஸ் ஸ்டாப். மழை. தெரியாத ஆள். குடை. வீடு. “இவ்வளவுதான் குறிப்பு. அக்கா இத கதையாக்கணும். ஒரு கதைக்கு நாலு வேணும். எங்க நடக்குதுங்கிறது செட்டிங். யாருக்கு நடக்குதோ அது கேரக்டர். அவங்களுக்கு வர்ற சிக்கல் கான்ஃப்ளிக்ட். அது எப்படித் தீருதுங்கிறது முடிவு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தாச்சி கேட்டார். “எந்த ஸ்டாப்பு?”

“எதுன்னாலும் சரிதான் அத்தாச்சி.”

“அதெப்படி? டவுனு ஸ்டாப்புன்னா கட்டடம் இருக்கும், ஒதுங்கிக்கலாம். நம்ம ஸ்டாப்புன்னா புளியமரம். நல்லா நனைவா.”

“பாத்தீங்களா, அதுதான் செட்டிங். நம்ம ஸ்டாப்பே இருக்கட்டும்.”

எனக்குப் பக்கத்துக் கல்லில் ராத்தா உட்கார்ந்திருந்தார். முஸ்லிம் வீட்டு அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். கணவர் இருபது வருஷம் சவூதியில் இருந்துவிட்டு வந்தவர். ராத்தாவுக்கு எப்போதும் ஆள் பற்றிய கவலைதான் முதலில் வரும். “அந்தப் பொம்பளைய கூப்புட வீட்டுலேர்ந்து யாரும் வரலையா?”

“இது கேரக்டர். சொல்லுங்க ராத்தா, ஏன் வரல?”

“புருசன் வெளியூருல இருப்பாரு. வேறென்ன.”

“போன் போடலாம்ல?” என்றது பின்வரிசை.

“சார்ஜு போயிருச்சு.”

“பாவம்.” நாலைந்து குரல் ஒன்றாகச் சொன்னது. கட்டைகள் கொஞ்சம் மெதுவாக விழுந்தன. எல்லோருக்கும் அந்தப் பெண் புளியமரத்தடியில் நிற்பது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது. முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். செருப்பைக் கையில் எடுத்து வைத்திருந்தாள்.

“இப்ப ஒரு ஆளு வர்றாரு. தெரியாத ஆளு. கையில குடை” என்றாள் காலேஜு.

அத்தாச்சி கட்டையைக் கீழே வைத்துவிட்டார். “தெரியாத ஆளுன்னா? எந்த ஊருன்னு கேட்டாளா இல்லையா?”

“கேக்கல.”

“கேக்காம எப்படிடி பக்கத்துல நிப்பா? கேட்டா. நான் சொல்றேன், கேட்டா. அந்த ஆளு கறம்பக்குடின்னு சொன்னாரு. கறம்பக்குடியில யாரு வீடுன்னு இவ கேக்குறா. அவரு சொல்றாரு. அட, அந்த வீட்டுலதான் எங்க சின்னாத்தா மகளக் குடுத்துருக்கு! அப்ப நீங்க எனக்கு மாமன் மொறையில்ல வருது!”

“அப்பறமென்ன, குடைய வாங்கிக்கலாம்” என்றார் ராத்தா.

“வாங்கிக்கலாம். வீடுவரைக்கும் வந்து காப்பி குடிச்சிட்டுப் போங்கன்னும் சொல்லலாம்.”

கொட்டகைக்கே நிம்மதி. கட்டைகள் மறுபடி விழ ஆரம்பித்தன. காலேஜு மட்டும் தலையில் கை வைத்துக்கொண்டாள். கை பூராவும் கரி, நெற்றியிலும் கரி. “அய்யோ அத்தாச்சி, கான்ஃப்ளிக்டே இல்லாமப் பண்ணிட்டீங்களே!”

“இல்லாட்டி நல்லதுதானடி? நல்லாருக்கிறவள எதுக்கு மழையில நிக்க வக்கிற?”

“கொஞ்ச நேரமாவது நனையணும் அத்தாச்சி. அப்பத்தான் கதை.”

அடுத்தடுத்த நாளும் அப்படியே நடந்தது. காலேஜு காட்டில் வழி தப்பிய ஆளைக் கொண்டுவருவாள். அத்தாச்சி அந்த ஆளை எந்த ஊர் என்று விசாரித்து, இரண்டே நிமிஷத்தில் ஒரு பெரியப்பா மகன் வீட்டில் சேர்த்துவிடுவார். பகையாளி இரண்டு பேர் வருவார்கள். விசாரித்தால் சம்பந்திகள். திருடன் வந்தான் ஒருநாள். அவனுக்கும் குளத்தூரில் ஒரு மச்சான் இருந்தான். மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னால் அடங்கிவிடுவான் என்று தீர்ப்பாயிற்று. எங்கள் கொட்டகையில் எந்தக் கதையாலும் நாலு வரிக்கு மேல் போக முடியவில்லை. உறவு முறை வந்து வழியை அடைத்துவிடும்.

என் கோளாறு இதற்கு நேரெதிர்.

அந்த மழைப் பெண்ணின் கதையை நான் வீட்டில் உட்கார்ந்து ரூல்டு நோட்டில் எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. காலேஜு மறுநாள் வாசித்தாள். முதல் பக்கத்தில் அந்தப் பெண் குடையை வாங்கவில்லை. வாங்கினால் அந்த ஆள் தப்பாக நினைத்துவிட்டால்? வாங்காவிட்டால் கோபித்துக்கொண்டால்? இரண்டாம் பக்கத்தில் பஸ் வரவில்லை. மரக்கிளை முறிகிறது. புற்றிலிருந்து பாம்பு வெளியே வருகிறது. மூன்றாம் பக்கத்தில் வீட்டில் மாடு கன்று போட முடியாமல் கத்துகிறது, அது இவளுக்கு அங்கிருந்தே கேட்கிறது. அதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை. பெண் மரத்தடியிலேயே நிற்கிறாள்.

“ஏங்க்கா, இவளப் போட்டு இந்த வதை வதைக்கிறீங்க?” என்றாள் காலேஜு. சிரிக்கவில்லை.

விஷயம் கொட்டகைக்குத் தெரிந்துபோயிற்று. அன்றிலிருந்து நான் காலையில் உள்ளே நுழைந்ததும் யாராவது ஒருத்தி கேட்பாள். “என்னத்தா, அந்தப் பொம்பள இன்னும் நனையிறாளா?”

“நனையிறா.”

“வெரசா வீட்டுக்கு அனுப்புடி. சளி புடிச்சிரும்.”

நானும்தான் பார்த்தேன். முடியவில்லை. வீட்டுக்காரர் தைலமரம் வெட்டுகிற வேலைக்குப் போகிறவர், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு அந்த ஒரு மணி நேரம் நோட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்திருப்பேன். வெளியே மெல்ல வெளுக்கும். முந்திரிக்காட்டில் மயில் ஒன்று கூப்பிடும், வேறு எங்கோ இருந்து பதில் வரும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவள் முகம் தெரிந்தது. முழங்கையில் ஒரு பழைய தழும்புகூடத் தெரிந்தது. ஆனால் ஒரு அடி நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் ஏதாவது ஆகிவிடும். நிற்கிறவரைக்கும் ஒன்றும் ஆகவில்லை அல்லவா? நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த மாதிரியேதான் இதுவும் என்று ஒருநாள் உறைத்தது. நோட்டை மூடிவிட்டேன்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது காலேஜு என்னைக் கொட்டகைக்கு வெளியே, வறுக்கிற தொட்டிக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். புகையில் இரண்டு பேருக்கும் கண் எரிந்தது.

“அக்கா, நெசமாச் சொல்லுங்க. அந்தப் பொம்பள நீங்கதானே?”

நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“தப்பில்லக்கா. ஆனா ஒண்ணு. கதைக்குள்ள நிக்கிறது கேரக்டர். கதையச் சொல்றது நரேட்டர். ரெண்டும் வேற ஆளு. அவ நனையலாம். சொல்றவ நனைய வேண்டியதில்ல. அவ நனையிறத எழுதுறப்ப ஒங்க நோட்டு நனைஞ்சிச்சா? இல்லல்ல. நீங்க இங்கிட்டு ஒக்காந்திருக்கீங்க, அவ அங்கிட்டு நிக்கிறா. ‘ஷி’ன்னு எழுதுனதுமே அவ வேற ஆளாயிட்டா. இனி நீங்க பயப்படுறதால அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்ல.”

அந்தக் கடைசி வார்த்தை எனக்குக் கோபத்தைத் தந்தது. என் பயத்தால் பிரயோசனமில்லையா? இருபத்தைந்து வருஷமாக என் வீடு தீப்பிடிக்காமல் இருப்பது என் பயத்தால்தான் என்று உள்ளுக்குள் எங்கோ ஒரு எண்ணம் எனக்கு இருந்திருக்கிறது. அதை யாராவது பிடுங்க வந்தால் கோபம் வரத்தானே செய்யும்? இரண்டு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே ஒரு கொய்யாப்பழத்தை நீட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பேசிவிட்டேன்.

பரீட்சை மையம் திருக்கோகர்ணத்தில். முதல் நாளே ஹால் டிக்கெட்டை எடுத்து நாலு தடவை பார்த்தாயிற்று. புதுக்கோட்டை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சித்திரை வெயில் இன்னும் ஏறவில்லை. இரண்டு பக்கமும் தைலமரங்கள் வெள்ளைத் தண்டோடு ஓடிக்கொண்டிருந்தன. நடுநடுவே செம்மண் தரை திறந்து தெரிந்தது. என் கனவிலும் இதே சாலை வரும், அதில் பஸ் எப்போதும் போய்ச் சேராது. அன்று போய்ச் சேர்ந்தது. டவுன் பஸ் மாறி, அரை மணி முன்னதாகவே கேட்டுக்கு வெளியே நின்றேன். சுற்றிலும் என் மகள் வயதுப் பிள்ளைகள். ஒரு பிள்ளை என்னைப் பார்த்து “மிஸ், எந்த ரூம்?” என்று கேட்டது. எனக்கும் தெரியாது என்று சொன்னேன். அது என்னை ஒரு மாதிரி பார்த்தது.

மற்றக் கேள்விகளை ஒரு வழியாக எழுதினேன். எவ்வளவு சரி, எவ்வளவு தப்பு, தெரியாது. கதைக் கேள்விக்கு வந்தபோது முக்கால் மணி நேரம் இருந்தது. குறிப்புகளைப் படித்தேன். ஒரு முதியவர், பஸ் பயணம், பையை மறந்து இறங்குகிறார், ஒரு சிறுமி பார்க்கிறாள், கூப்பிடுகிறாள், காதில் விழவில்லை, தேடிக் கண்டுபிடிக்கிறாள், மகிழ்ச்சி.

பையில் மாத்திரை இருக்கும். மாத்திரை இல்லாமல் அந்தப் பெரியவர் எங்காவது விழுந்து கிடப்பார். பையைக் கையில் வைத்திருந்ததற்காகச் சிறுமியைத் திருடி என்பார்கள். தேடி இறங்கிய ஊரில் அவள் தொலைந்துபோவாள், அவள் அம்மா கிணறு கிணறாக எட்டிப் பார்ப்பாள். எல்லாம் ஒரே நேரத்தில் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். கை தானாக முதல் பக்கத்தைத் திருப்பியது, நம்பரைப் பார்க்க. சரியாகத்தான் இருந்தது. மறுபடி பார்த்தேன். பத்து நிமிஷம் போயிற்று.

ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்து நிழல் தரையில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தமில்லாத அந்த ரூமில் எனக்குக் கட்டைகள் தட்டுகிற மாதிரி இருந்தது. பையோடு அந்தச் சிறுமி நிற்கிறாள். நான் நிற்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். அத்தாச்சியாக இருந்தால் இப்போது என்ன கேட்பார் என்று தோன்றியது. எந்த ஊரு பஸ்ஸு என்று கேட்பார். என்ன பை என்று கேட்பார்.

என்ன பை? மஞ்சப்பை. வேறென்ன பை வைத்திருப்பார் அந்த வயசாளி? கல்யாண வீட்டில் தேங்காய் பழம் போட்டுக் கொடுக்கிற பை. அதில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், ஊர், மண்டபம் எல்லாம் அச்சடித்திருக்கும்.

அதற்கு இங்கிலீஷில் என்ன என்று தெரியாது. மஞ்சள் நிறக் கல்யாணப் பை என்று வார்த்தைக்கு வார்த்தை போட்டேன். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினேன், ஒவ்வொரு வெர்புக்கும் பின்னால் அந்த வாலை ஒட்டி. பெரியவர் இறங்கினார். சிறுமி கூப்பிட்டாள். பஸ் கிளம்பிவிட்டது. சிறுமி பயந்தாள், அழுதாள். இந்த இடத்தில் அவளை அவசரமாகக் காப்பாற்றவில்லை. ஐந்து வரி அழவிட்டேன். கண்டக்டர்கூட அவளைத் திட்டினார். பிறகு அவள் பையில் இருந்த எழுத்தைப் படித்தாள். அந்தக் கல்யாணத்துக்கு அவளுடைய அம்மாவும் போயிருந்தாள், வீட்டில் அதே மாதிரி ஒரு பை ஆணியில் தொங்குகிறது. மாப்பிள்ளை வீட்டில் விசாரித்தார்கள். பெரியவர் மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். சிறுமியும் அம்மாவும் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பெரியவர் உட்காரச் சொன்னார், காப்பி கொடுத்தார். மகிழ்ச்சி.

கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது, மணி அடிக்க மூன்று நிமிஷம் என்று ரூமில் நின்ற மேடம் சொன்னார். கதைக்குத் தலைப்பு எழுதவில்லை. நம்பரையும் இன்னொரு தடவை பார்க்கலாம். இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிற மாதிரி தோன்றியது. தலைப்பை எழுதினேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நம்பர்தான் மனசில். ஒரு எண்ணை மாற்றிப் போட்டிருப்பேனோ? இரண்டு தடவை பார்த்தேனே, அது இந்த வருஷமா போன வருஷமா? தைலமரங்கள் எதிர்ப்பக்கமாக ஓடின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை.

கொட்டகையில் யாரும் பரீட்சை எப்படி என்று கேட்கவில்லை. “கேள்வியில என்ன கதை வந்துச்சு?” என்றுதான் கேட்டார்கள். சொன்னேன். கட்டையை நிறுத்தாமல் கேட்டார்கள். பெரியவர் தாய்மாமன் என்றதும் அத்தாச்சி நிமிர்ந்தார்.

“அதத்தானடி நான் அன்னிக்கே சொன்னேன்?”

“சொன்னீங்க. ஆனா நீங்க அவள அழ விட்டிருக்க மாட்டீங்க.”

“எத்தன வரி அழுதா?”

“அஞ்சு.”

“ரெண்டு போதும்டி. சின்னப் புள்ள.”

ராத்தாவுக்கு வேறு கவலை. “பையில மாத்திர இருந்துச்சா இல்லையா? அதச் சொல்லலையே நீ.”

“இல்ல ராத்தா. வெத்தல பாக்குதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார்.

ரிசல்ட் வருகிற வரை நான் பட்டதை எழுதினால் அது தனியாக ஒரு நோட்டு ஆகும். வந்த அன்று காலேஜு போனோடு கொட்டகைக்கு வெளியே போய் சிக்னலுக்காகக் கையை உயர்த்திக்கொண்டு சுற்றினாள். நான் கல்லைவிட்டு எழவில்லை. அவள் வாசலில் வந்து நின்றபோது பத்துக் கட்டையும் நின்றுவிட்டன. வேலை நேரத்தில் அந்தக் கொட்டகை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. வறுக்கிற இடத்தில் கொட்டை வெடிக்கிற சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது.

“நாப்பத்தொண்ணு” என்றாள்.

“யாருக்கு?” என்றேன் நான்.

கொட்டகையே சிரித்தது. நான் போனை வாங்கிப் பார்த்தேன். நம்பர், பிறந்த தேதி, பெயர். மூன்றையும் மூன்று தடவை. “இது நீங்கதாங்க்கா. வேற யாருமில்ல” என்றாள் காலேஜு. எங்கள் வழக்கம் ஒன்று உண்டு. உடைசல் பருப்பை எப்போதாவது வாயில் போட்டுக்கொள்வோம், முழுப் பருப்பைத் தொட மாட்டோம். அத்தாச்சி குவியலில் விரலை விட்டு, இருப்பதிலேயே பெரிய முழுப் பருப்பு ஒன்றைத் தேடி எடுத்து, தோலைக்கூட உரிக்காமல் என் வாயில் திணித்தார். சாம்பலோடு சேர்த்து மென்றேன். முதலாளி பார்த்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொண்டேதான் மென்றேன்.

வேலைக்கான அறிவிப்பு வந்ததும் ஒன்றிய அலுவலகத்துக்கு விண்ணப்பத்தோடு போனேன். இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடுவார்களா என்றும் தெரியாது. என்னோடு விண்ணப்பம் கொடுக்க வந்தவர்களில் இரண்டு பேர் டிகிரி படித்தவர்கள். அதை நினைத்து இரண்டு இரவு தூக்கமில்லை, மறைப்பானேன்.

விண்ணப்பத்தில் ஒரு பக்கத்தை அங்கேயே, அவர்கள் முன்னால் நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, முகவரி என்று வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். கல்வித் தகுதி என்று ஒரு கட்டம். ரேஷன் கார்டுக்கு, வங்கிக்கு, மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க என்று இந்தக் கட்டத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். எப்போதும் எட்டு என்று ஒரே ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வேகமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன்.

“சீக்கிரம் எழுதும்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க” என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்.

“எழுதுறேன் சார்.”

பத்தாம் வகுப்புத் தேர்ச்சி என்று ஒரு எழுத்தும் விடாமல் எழுதினேன். கட்டம் சின்னது. கடைசி இரண்டு எழுத்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டார்.